மெர்க்குரிக் கோடு

சத்யபிரியாவுக்கு ஒரே ஒரு கோடு வேண்டியிருந்தது.

மிதுன ராசிப் பக்கம் ஒரு வாயு மேகம் இருக்கிறது. சாகப்போகும் நட்சத்திரம் ஒன்று தன் மேல்தோலை உரித்து வெளியே தள்ளியிருக்கிறது. அந்தத் தோல்தான் இப்போது பச்சையாக ஒளிர்கிறது. அதில் ஆக்சிஜன் எவ்வளவு, நைட்ரஜன் எவ்வளவு என்று அளப்பது அவளுடைய ஆராய்ச்சி. அங்கே போய் அள்ளிக்கொண்டு வர முடியாது. வருகிற வெளிச்சத்தைப் பிரித்துப் போட்டால் ஒவ்வொரு பொருளும் தனக்கென்று சில கோடுகளை விட்டிருக்கும், அதை வைத்துத்தான் கணக்கு. ஆக்சிஜனுக்குப் பச்சையில் இரண்டு பலமான கோடுகள் உண்டு. யார் எடுத்தாலும் விழும். நீலத்தில் இன்னொன்று உண்டு, நோஞ்சான். பச்சைக்கும் அந்த நோஞ்சானுக்கும் உள்ள விகிதம் தெரிந்தால்தான் மேகம் எவ்வளவு சூடு என்று தெரியும். சூடு தெரியாமல் ஆக்சிஜன் இவ்வளவு என்று சொல்வது வாய்க்கு வந்ததைச் சொல்வது.

அந்தக் கோடு இல்லாமல் தீசிஸைத் தூக்கிக்கொண்டு வராதே என்று அவள் கைடு சொல்லிவிட்டார். அவள் பிஎச்.டி. பதிவு ஆனி மாதத்தோடு முடிகிறது. ஏற்கெனவே நீட்டித்து வாங்கியதுதான், இனி நீட்டிக்க மாட்டார்கள். சித்திரை தாண்டினால் மேகமும் இருட்டுவதற்குள் மேற்கே தாழ்ந்துவிடும். கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டு, பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு, ஏழு வருடமாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

நான் அவளோடு திருச்சியில் எம்.எஸ்சி. சேர்ந்து பாதியில் நின்றவன். அப்புறம் சென்னையில் ஒரு அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நைட் ஷிப்ட் பார்த்தேன். அதையும் விட்டுவிட்டுச் சொந்த ஊர் வல்லத்திராக்கோட்டைக்கே வந்துவிட்டேன். வேலை போயும் தூக்கம் திரும்பவில்லை.

"நீ எப்படியும் முழிச்சுத்தானே கெடக்குற. வந்து டெலஸ்கோப்பப் பாத்துக்கடா" என்று சத்யா கூப்பிட்டாள். போனேன்.

கந்தர்வக்கோட்டைக்குத் தெற்கே அவள் அம்மா வீட்டு முந்திரிக் கொல்லை. நடுவில் ஒரு கொட்டகை, தள்ளினால் நகரும் தகரக் கூரை, உள்ளே தொலைநோக்கியும் வெளிச்சத்தைப் பிரிக்கும் பெட்டியும். எல்லாம் லாரி பேட்டரியில் ஓடும். அந்த இடத்தை அவள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நோஞ்சான் கோட்டை ஒட்டியே மெர்க்குரியின் கோடு ஒன்று விழும். பழைய மெர்க்குரித் தெருவிளக்கு ஒன்று பக்கத்தில் எரிந்தால் போதும், அது வானத்தில் சிதறி நோஞ்சானை மூடிவிடும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் தெருவிளக்கு எல்லாவற்றையும் எல்.ஈ.டி.யாக மாற்றிவிட்டார்கள். மெர்க்குரி இல்லாத வானம்.

சித்திரை பிறந்த வாரத்தில் அந்தக் கோடு விழுந்தது.

மெல்லியதாக, நேராக, நோஞ்சானுக்கு இடது பக்கம். மேகம் நம்மை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறது, அதனால் அதன் கோடுகள் எல்லாம் கொஞ்சம் சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும். இது நகரவில்லை. மெர்க்குரி எங்கே விழ வேண்டுமோ அங்கேயே விழுந்திருந்தது. ஆக மேகத்தினுடையது கிடையாது, பூமியின் வெளிச்சம்.

"டார்ச் அடிச்சியாடா?"

"என் டார்ச்சுல ஏது மெர்க்குரி?"

"போன்?"

"போன்ல அந்த வெஷம் இருந்தா நான் செத்திருப்பேன்."

ஊர் வெளிச்சத்தைக் கழிக்க ஒரு முறை இருக்கிறது. மேகத்தை ஒரு படம் எடுக்க வேண்டும். பிறகு தொலைநோக்கியை ஒரு நூல் நகர்த்திப் பக்கத்து வெற்று வானத்தை ஒரு படம் எடுக்க வேண்டும். வெற்று வானத்தில் விழுவதெல்லாம் நம் ஊர் குப்பை. முதல் படத்திலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மேகம் மட்டும் மிஞ்சும். தெருவிளக்கு என்றால் இரண்டு படத்திலும் ஒரே மாதிரி இருக்கும், கழிந்துவிடும்.

இது கழியவில்லை. மேகத்தை எடுத்தபோது இருந்தது, வெற்று வானத்தை எடுத்தபோது இல்லை. மறுநாள் தலைகீழ். வெற்று வானத்தில் இருந்தது, மேகத்தில் இல்லை. கழித்தால் கோட்டுக்குப் பதில் ஒரு பள்ளம் விழுந்தது, அந்தப் பள்ளத்துக்குள் நோஞ்சானும் விழுந்தான். யாரோ விளக்கைப் போட்டுப் போட்டு அணைப்பதுபோல இருந்தது. ஆனால் மெர்க்குரி விளக்கை அப்படிச் செய்ய முடியாது. அணைத்தால் ஆறும் வரை திரும்பப் பற்றாது.

ஒரு பழைய சீடியை உடைத்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டேன். அதை விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தால் வெளிச்சம் பிரியும். எல்.ஈ.டி. என்றால் வானவில் மாதிரி வழவழவென்று இருக்கும், மெர்க்குரி என்றால் தனித்தனி நிறமாக உடைந்து தெரியும். பொழுது சாய்ந்ததும் பைக்கில் சுற்றினேன். பெட்ரோல் பங்க், மாதா கோயில், முந்திரி உடைக்கும் களம், ரைஸ் மில். எல்லாம் எல்.ஈ.டி.

தெற்கே குளத்துக்கு அந்தப்பக்கம் இருக்கும் தெற்கூரில் இன்னாசியம்மாள் டீக்கடை. அவள் கடை லைட்டையும் சாய்த்துப் பார்த்தேன்.

"என்னப்பா, ஈசல் கணக்கா ஒவ்வொரு லைட்டா முட்டிக்கிட்டுத் திரியிற?"

"மெர்க்குரி லைட் எங்கயாச்சும் எரியுதான்னு பாக்குறேன்."

"எரிஞ்சா?"

"நிறுத்தச் சொல்லணும்."

"எங்க கடை லைட்ட நிறுத்துனா ஒனக்கு டீ யாரு போடுவா?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த வயர்மேன் ஆண்டியப்பன் சிரித்தார். அந்த ஊருக்கும் சுற்றியுள்ள நாலைந்து ஊருக்கும் கரண்டு பார்ப்பவர். ரிட்டையர் ஆக இன்னும் கொஞ்ச நாள்தான்.

"மெர்க்குரியெல்லாம் கழட்டி எடைக்குப் போட்டாச்சு தம்பி. இந்தக் கையாலதான் கழட்டுனேன்" என்றார்.

"ஒண்ணுகூட பாக்கி இல்லையா மாமா?"

அவர் டீயைக் குடித்தார். இன்னாசியம்மாள் உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டினாள்.

"ஒண்ணு இருக்கு. கொளத்துக் கரை மேல" என்றார். "அது எரியாது."

"ஏன் கழட்டல?"

"யாரும் அந்தப் போஸ்ட்டுல ஏற மாட்டாங்க."

மீதியை இன்னாசியம்மாள்தான் சொன்னாள், அவர் எழுந்து போன பிறகு. பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால், முளைப்பாரி கரைக்கிற நாளைக்குக் கரையில் வெளிச்சம் வேண்டும் என்று மெர்க்குரி மாட்டினார்கள். ஏறியவன் உதயசூரியன், ஆண்டியப்பனுக்கு ஹெல்ப்பராக வந்த புதுப் பையன், மீமிசல் பக்கத்து ஆள். அவன் கம்பத்தில் இருக்கும்போதே கம்பியில் கரண்டு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த லைனுக்குக் கரண்டு கொடுக்கவில்லை. கொஞ்ச நாளில் கம்பியையும் அறுத்து எடுத்துவிட்டார்கள். கம்பமும் விளக்கும் மட்டும் நிற்கின்றன. அதற்கப்புறம் முளைப்பாரியை வேறு குளத்தில் கரைக்கிறார்கள்.

சத்யாவிடம் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "கம்பி இல்லேன்னு நீ பாத்தியா?"

மறுநாள் பகலில் இருவரும் போய்ப் பார்த்தோம். குளம் வற்றிக் கிடந்தது. கரை மேல் சிமெண்டுக் கம்பம், உச்சியில் வளைந்த குழாய், குழாய் முனையில் தூசி படிந்த விளக்கு. கம்பி எதுவும் இல்லை. அடுத்த கம்பமே அங்கிருந்து வெகுதூரம். கம்பத்தைச் சுற்றி ஆடு கடித்த தடமே இல்லாமல் புல் முழங்காலுக்கு வளர்ந்து காய்ந்திருந்தது.

இருட்டியதும் கொட்டகையிலிருந்து அந்தப் பக்கம் பார்த்தேன். கருப்பாகத்தான் இருந்தது. உள்ளே திரையில் கோடு விழுந்தது.

அவள் ஆண்டியப்பனைப் போய்க் கேட்டாள். நானும் கூட நின்றேன்.

"மாமா, அந்த லைட்ட மட்டும் எறக்கிக் குடுங்க."

"அதுல கரண்டே இல்ல பாப்பா. அது ஒங்கள என்ன பண்ணுச்சு?"

"தெரியல மாமா. இருக்கிற ஒரே மெர்க்குரி அதுதான். அதையும் எடுத்துட்டா என் மனசு ஆறும். இன்னும் பத்து நாளு போனா எனக்கு அந்த மேகம் கெடைக்காது. ஏழு வருசப் படிப்பு போயிரும்."

அவர் கரைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு கயிறு எடுத்துக்கொண்டு வந்தார். ஏறும் முன் கம்பத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், கம்பியே இல்லாத கம்பத்தை. புறங்கையால், ஈ.பி.காரர்கள் தொடுகிற மாதிரி. ஏறி, இறக்கி, என் கையில் கொடுத்தார். உள்ளே இருக்கும் சின்னக் குழாய் கருகி, இரண்டாக உடைந்திருந்தது. புது லைனில் மாட்டினாலும் எரியாது. நான் அதைச் சாக்கில் சுற்றிக் கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தேன்.

அன்று இருட்டியதும் கோடு முன்னைவிட உயரமாக விழுந்தது.

சத்யா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"கம்பத்துக்குத் திருப்பு" என்றாள்.

"எதுக்கு?"

"எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சாத்தான் கழிக்க முடியும். அத மட்டும் தனியா ஒரு படம் எடு. அப்புறம் அதை வச்சுக் கழிச்சுக்கலாம்."

தொலைநோக்கியைத் தெற்கே, தரையோடு தரையாகத் தாழ்த்தினேன். ஃபோகஸை மாற்றினேன். கம்பத்தின் உச்சி தெரிந்தது, வளைந்த குழாய் தெரிந்தது, அதன் முனையில் ஒன்றும் இல்லாத இடம் தெரிந்தது. அந்த ஒன்றும் இல்லாத இடத்தைப் பெட்டிக்குள் வெளிச்சம் நுழையும் பிளவுக்கு நேரே கொண்டுவந்து படம் எடுத்தேன்.

மெர்க்குரி. பளிச்சென்று.

ஒரு நூல் தள்ளி எடுத்தேன். ஒன்றுமில்லை. கம்பத்தின் நடுவில் எடுத்தேன். ஒன்றுமில்லை. மறுபடி முனைக்குக் கொண்டுபோனேன். இருந்தது. கண்ணை வைத்துப் பார்த்தால் இருட்டு.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இப்போதும் கிடையாது. என்ன விழுந்ததோ அதைச் சொல்கிறேன்.

அந்த நேரத்தில் வெளியே சைக்கிள் சத்தம். ஆண்டியப்பன். விளக்கை இறக்கியதிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை போல. கதவருகே நின்று, "போயிருச்சா பாப்பா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா."

அவர் உள்ளே வந்து திரையைப் பார்த்தார். "இதுவா?"

"இதுதான். இந்தப் பெரிய கோடு மெர்க்குரி."

"இதச் சுத்திப் பொடிசு பொடிசா இருக்கே, இது?"

சத்யா அப்போதுதான் அவற்றைக் கவனித்தாள். நானும். மேகத்தின் படங்களில் அவை இரைச்சலோடு கலந்திருந்ததால் யாரும் பொருட்படுத்தவில்லை. அட்டவணையைத் திறந்து ஒவ்வொன்றாகப் பொருத்தினாள்.

"ஆர்கான்" என்றாள்.

மெர்க்குரி விளக்கு போட்டவுடன் முழுசாக எரியாது. உள்ளே கொஞ்சம் ஆர்கான் வாயு அடைத்திருப்பார்கள். முதலில் அதுதான் பற்றும். அந்தச் சூட்டில் மெர்க்குரி ஆவியாகி மெல்ல மெல்ல வெளிச்சம் ஏறும். சில நிமிடத்தில் ஆர்கான் கோடுகள் அடங்கிப் போகும். எரிந்துகொண்டிருக்கும் விளக்கில் அவற்றைப் பார்க்க முடியாது. பற்றும் நேரத்தில்தான் பார்க்க முடியும்.

சத்யா பழைய படங்களை எல்லாம் திறந்தாள். ஒவ்வொன்றும் அரை மணி நேரம் திறந்து வைத்து எடுத்த படம். கோடு விழுந்த ஒவ்வொரு படத்திலும் ஆர்கான் இருந்தது. எதிலும் அடங்கவில்லை.

"என்ன பாப்பா?"

"இது எரியல மாமா. இப்பத்தான் பத்துது. எப்பப் பாத்தாலும் இப்பத்தான் பத்துது."

ஆண்டியப்பன் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"முழுசா எரியவே இல்ல அன்னைக்கும்" என்றார். "ஊதாவா லேசா மினுக்குச்சு. நான் டீக்கடைலேருந்து பாத்தேன். அதுக்கு மேல வெளிச்சம் ஏறல. அதுக்குள்ள..."

சத்யா ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அவர் வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

"டிரான்ஸ்பார்மர்ல பீஸ் கட்டையப் புடுங்கிக் கரண்ட நிறுத்துனா, புடுங்குனவன் பையிலதான் அத வச்சுக்கணும் தம்பி. ஆளு எறங்குற வரைக்கும் கைய விட்டு எறக்கக் கூடாது. நான் மேடை மேலயே வச்சுட்டுப் போயிட்டேன். எங்க போயிரப் போவுதுன்னு. மைக்செட்டு நின்னு போச்சுன்னு எவனோ எடுத்து மாட்டிட்டான். எவன்னு ஊருக்கே தெரியும். எங்கிட்டத்தான் யாரும் சொல்லல. நானும் கேக்கல."

வெளியே தெற்கூர்ப் பக்கமிருந்து ஒரே நேரத்தில் பல டிவிகளின் கூச்சல் வந்தது. மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

"இப்பப் புடுங்குனா?" என்றார் ஆண்டியப்பன்.

"எத மாமா?"

"பீஸ."

"அந்தக் கம்பத்துல கம்பியே இல்ல மாமா. எங்கேருந்து எங்க புடுங்குவீங்க?" என்றேன்.

"கோடு விழுதுல்ல?"

அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் போனார். சைக்கிள் சத்தம் குறைந்துகொண்டே போனது.

"கூடப் போகவா?" என்று கேட்டேன்.

சத்யா மேற்கே பார்த்தாள். மிதுனம் சாய்ந்துகொண்டிருந்தது. நல்ல வானம், தூசி இல்லை. அப்படி ஒரு வானம் இனிமேல் வருமா என்று சொல்ல முடியாது.

"மேகத்துக்குத் திருப்பு" என்றாள்.

திருப்பினேன். திறந்து வைத்தேன். காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் டிவிகள் எல்லாம் ஒன்றாக நின்றன. தெற்கே இருந்த வெளிறிய புகைமூட்டம் போன்ற வெளிச்சம் அறுந்தது. தெற்கூர் முழுக்க இருட்டு. நாங்கள் பேட்டரியில் இருந்ததால் எங்களுக்கு ஒன்றுமில்லை.

படம் முடிந்ததும் அவள் திறந்தாள். மெர்க்குரி இருந்தது, ஆனால் குட்டையாக. பாதி நேரம் எரிந்து பாதி நேரம் அணைந்த விளக்கு போல.

அடுத்த படத்தில் இல்லை.

மெர்க்குரி இருந்த இடத்தில் சமதரை. ஆர்கான் எதுவும் இல்லை. அதற்கு வலப்பக்கம், சின்னதாக, யாரும் தூசி என்று துடைத்துவிடக் கூடியதாக, ஆக்சிஜனின் அந்த நோஞ்சான் நின்றான்.

சத்யா திரையை விரலால் தொட்டாள். "இன்னும் நாலு எடுக்கணும்டா. அத்தன நேரம் இருட்டு இருக்கணும். போ. அவருகிட்டச் சொல்லு."

"என்னன்னு சொல்ல?"

"கரண்டு குடுக்க வேணாம்னு சொல்லு."

பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். குளத்துக் கரை வழிதான் குறுக்கு வழி. நான் ரோட்டு வழியாகப் போனேன்.

டிரான்ஸ்பார்மர் அடியில் ஒரு கூட்டம், போன் வெளிச்சங்களோடு. நடுவில் சிமெண்டு மேடையில் ஆண்டியப்பன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் துண்டு, துண்டுக்குள் மூன்று பீஸ் கட்டை.

"மாமா, கடைசி ரெண்டு ஓவர் மாமா. குடுங்க மாமா."

"வீட்ல சண்டைன்னா எங்க கரண்டையாய்யா புடுங்குவ?"

"ஒங்க வீட்டு பேனும்தான் ஓடல. அத்த ஒங்கள உள்ள விடாது பாத்துக்கங்க."

"லைன்ல வேலை நடக்குது" என்றார் ஆண்டியப்பன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"எங்கய்யா நடக்குது? ஒரு ஆளக் காணோம்."

ஒருவன் கையை நீட்டித் துண்டைப் பிடித்தான். அவர் அவனைத் திட்டவில்லை, தள்ளவில்லை. அவன் முகத்தையே பார்த்தார். அவன் கையை எடுத்துக்கொண்டான். இன்னாசியம்மாள் கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். "போனுல பாருங்கடா, போங்க" என்று விரட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தார்கள். ஆளுக்கொரு போனைச் சுற்றிக் கூடிக்கொண்டு இருட்டுக்குள் போனார்கள். அவளும் போனாள்.

நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"அணைஞ்சிருச்சா தம்பி?"

"அணைஞ்சிருச்சு."

"எப்ப?"

"நீங்க புடுங்குன நேரம்தான்."

அவர் தலையை ஆட்டினார். ஆச்சரியப்பட்டது போலத் தெரியவில்லை.

"சத்யா இன்னும் கொஞ்ச நேரம் குடுக்க வேணாங்குது. அதுக்கு வேண்டிய கோடு விழுந்திருச்சு."

"நல்லது. பாப்பா படிப்பு முடியட்டும்" என்றார். "நான் எப்படியும் குடுக்கப் போறதில்ல. எறங்க நேரம் ஆகும்ல."

"யாரு எறங்க?"

"புது ஆளு. போஸ்ட்டுல ஏறுறது ஈஸி, எறங்குறதுதான் பழகணும். மெதுவாத்தான் எறங்குவான்."

அவர் கரைப் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை. கம்பம் கூடத் தெரியாத இருட்டு. காய்ந்த புல்லில் ஏதோ நடக்கும் சத்தம் கேட்டது. ஆடாக இருக்கலாம். அங்கே ஆடு மேய்வதில்லை என்பது அப்போது எனக்கு நினைவில் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அங்கேயே காத்திருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்துப் போன் அடித்தது. சத்யா. "நாலும் வந்துருச்சுடா. எல்லாத்துலயும் இருக்கு, எதையும் கழிக்கவே வேண்டியதில்ல. பதினாலாயிரம் டிகிரிக்குப் பக்கமா வருது சூடு. ஆக்சிஜன் சூரியன்ல இருக்கிறதுல பாதிதான் இருக்கும்போல." மூச்சு வாங்கினாள். "மேகம் எறங்கிருச்சு. இனிமே குடுக்கச் சொல்லலாம்."

"சத்யாவுக்கு முடிஞ்சுதாம். போடலாமாம்" என்றேன் ஆண்டியப்பனிடம்.

அவர் துண்டை இன்னும் இறுக்கிச் சுற்றினார். புல்லில் கேட்ட சத்தம் நின்றிருந்தது. பிறகு, உட்கார்ந்த வாக்கிலேயே, மேடையில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது.

அந்த இடத்தில் நான் உட்காரவில்லை.